ஆன்டெனாவை ஒளிக்கச் சொன்னவர்

அவருக்கு எதுவும் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சட்டைப் பையில் பேனா தெரியக் கூடாது, இடுப்பில் செல்போன் தெரியக் கூடாது, வீட்டுச் சுவரில் ஒரு வயர் தெரியக் கூடாது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அவர் கட்டிய வீட்டுக்கு முதன்முறை போனபோது, ஏசியின் வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கண்ணில் படவே இல்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, வீட்டுக்கு அடித்த பெயின்டையே அந்தச் சுவருக்கும் அடித்திருந்தார். சூடு வெளியேற வழியில்லாமல் மாதத்துக்கு ஒருமுறை ஏசி நின்றுவிடும் என்று அவர் மனைவி சொன்னார். மொட்டைமாடியில் டிவிக்கான டிஷ்ஷை உயரமான கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பதுக்கி வைத்திருந்தார்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்துதான் வரும். வந்தால் என்ன, தெருவில் போகிறவன் கண்ணுக்கு டிஷ் தெரியாதே. அவருக்கு அது போதும்.

“மேல மூடிப்போட்டா உள்ள என்ன கெடந்தா என்னுங்க தம்பி? ஆரு வந்து தொறந்து பாக்கப் போறா?” என்பார். சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரிப்பார். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் போர்வெல் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர்கள் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். தவிரவும், ஒளித்துவைப்பதில் அவருக்கு நான் கொஞ்சமும் சளைத்தவன் இல்லை. இதை எழுதுகிறபோதும் அந்தப் புத்தி போகவில்லை பாருங்கள்.

எனக்கு ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் கடை. பைக்குகளுக்கு விளக்கு, ஹாரன், சீட்டு, வயரிங் வேலை எல்லாம் செய்வேன். ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். வண்டிக்கு முன்னால் வண்டியின் சத்தம் வந்து சேர்ந்தது. பெங்களூரில் யாரிடமோ வாங்கிய வெளிநாட்டு டூரிங் பைக். முன்னால் அகலமான கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டி, நான்கு ஸ்பீக்கர், ரேடியோ. பின்சீட்டுக்குப் பின்னால் முதுகு சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த ஒரு பெரிய பெட்டி. அந்தப் பெட்டியின் ஓரத்திலிருந்து ரேடியோவுக்கான ஆன்டெனா கறுப்புக் கம்பியாக நெட்டுக்கு நின்று ஆடிக்கொண்டிருந்தது. மெத்தையில் நன்றாகச் சாய்ந்து, மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

“தம்பி, இந்தக் கம்பிய எடுத்துப்போடோணுங்க. ஆனா ரேடியோ பாடோணும்” என்றார் அவர்.

“ஏனுங்கண்ணா, நல்லாத்தான இருக்குது?”

அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் சொன்னார். மேட்டூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ ஒருவன், “தூண்டிலக் கட்டிக்கிட்டு டேமுக்கு மீன் புடிக்கப் போறீங்களா?” என்று கேட்டிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது. “எதுக்குச் சிரிச்சாங்கன்னு ஊட்டுக்கு வந்துதாங்க எங்கிட்டக் கேட்டாரு” என்றார் அக்கா. ஏன் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெளியே நின்றால்தான் ஆன்டெனாவுக்கு வேலை என்று எடுத்துச் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார். நெட்டைக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ரப்பர் ஆன்டெனா ஒன்றை வைத்துக்கொடுத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். “இதும் தெரியுதுங்க தம்பி” என்றார். பிறகு ஒட்டு ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். தாளைப் போல மெலிதாக இருக்கும். கூடவே ஒரு சின்ன பூஸ்டர். அதை முன்பக்கத் தடுப்பின் உள்பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒட்டினேன். இஞ்சின் ஓடாதபோது பாட்டு வந்தது. இஞ்சினைப் போட்டதும் அத்தனையும் இரைச்சலாகிவிட்டது. இஞ்சினுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒளித்துவைத்தால் அப்படித்தான் ஆகும். “நாளைக்கு வாங்கண்ணா, ஒரு ஃபில்டர் போட்டுச் சரி பண்ணிரலாம்” என்றேன். அவர் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு, ஆன்டெனா இல்லாத வண்டியை நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

மறுநாள் வந்தார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோ முழுச் சத்தத்தில் ‘கொர்ர்ர்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். நம்மவர் பெட்ரோல் டேங்க்கின்மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன ஜோராப் பாடுது பாருங்க தம்பி! கம்பி இருந்தப்பக்கூட இப்பிடிப் பாடுலீங்க.”

நான் பின்சீட்டில் இருந்த அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. மனிதருக்குக் காது கேட்கவில்லை. கொஞ்ச நஞ்சமல்ல, பெரும்பகுதி போய்விட்டது.

அப்போதே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். “அண்ணா, வெறும் இரைச்சல்தாங்க வருது” என்று ஒரு வார்த்தை. சொல்ல எனக்கு என்ன கேடு? ஆனால் நான், “ஆமாங்கண்ணா, ஜோர்!” என்றேன். அதோடு நில்லாமல் சிரித்தும் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிறபோதெல்லாம், காதை எப்படி ஒளிக்கிறார் என்பதையே பார்க்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டவனுக்கு அது நல்ல வேடிக்கை. அவர் ஓயாமல் பேசுவார். எதிராளி கேள்வி கேட்க இடம் கொடுத்தால்தானே பதில் சொல்ல வேண்டும்? எதற்கும் சிரித்துத் தலையாட்டுவார். வீட்டில் காலிங்பெல் கிடையாது. பட்டனை அழுத்தினால் கூடத்தில் ஒரு விளக்கு எரியும். “சத்தமெல்லாம் எதுக்குங்க, லைட் எரிஞ்சா பத்தாதா? இது ஸ்டைலுங்க” என்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அங்கே எவனானாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

பைக்கில் போகும்போது அவருக்குக் காது அக்காவின் இடதுகைதான். கை எப்போதும் அவர் தோளில் இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் பின்னால் எவனோ ஹாரன் அடிக்கிறான். இரண்டு தட்டினால் பக்கத்தில் யாரோ பேச்சுக் கொடுக்கிறார்கள், திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும். பார்க்கிறவர்கள், இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காது எப்படிப் போயிற்று என்பதையும் அக்காதான் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் அவர் ரிக் முதலாளி. முதலாளி ஆவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ட்ரில்லராக நின்றவர் என்பது தெரியாது. காதில் பஞ்சு வைத்தால் கூட இருப்பவர்கள் பொட்டச்சி என்று கிண்டல் செய்வார்களாம். அதனால் வைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் அவர் மூடிவைத்துவிட்டார். காதைப் பற்றிச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டி வரும்.

எல்லாவற்றுக்கும் மேல், கல்யாண வயதில் ஒரே மகள் இருந்தாள். “செவிட்டூட்டுப் புள்ளைன்னு ஒருத்தன் வாயெடுத்துட்டாப் போதுங்க தம்பி. அது ரிக்குல போன காதுன்னு ஆருங்க நம்புவாங்க? பேரன் பேத்திக்கும் வரும்னு சொல்லிப்போடுவாங்க” என்றார் அக்கா. உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் குறை இருக்கிறது என்று தெரிந்தால் சம்பந்தம் பேச வந்த கார் வாசலோடு திரும்பிவிடும்.

எனக்கு அவர்மேல் கோபம் வராமல் இல்லை. வந்த கோபம் நிற்காது. என் அப்பா இறந்தபோது என் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து பந்தலுக்கு ஆள் பிடித்தவர் அவர். சாவு வீட்டில் தப்பட்டைச் சத்தத்தில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் எல்லோரையும்விட நன்றாகப் பேசினார்; நாற்காலியா, தண்ணீரா, மாலையா, எல்லாவற்றையும் விரலசைவிலேயே நடத்தி முடித்தார். சுடுகாட்டில் கடைசிவரை நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “சாமி, அழுதுரு. அடக்கி வெக்காத” என்றார். அதைச் சொல்ல அவருக்கு என்ன தகுதி என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் அந்தத் தோளில் சாய்ந்து அழுதேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வர மாட்டார்கள். அந்தக் குடும்பம் போய்வருகிற கடைகள், பட்டறைகள், மில்கள் என்று சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். எதையாவது வாங்குவதுபோல வந்து பேச்சுக் கொடுப்பார்கள். அப்படி ஒருநாள் நாமக்கல்லிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் வந்தார், ஹெட்லைட் பல்பு வேண்டுமென்று. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பல்பைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

“பெரிய பைக் வெச்சிருக்கறாருங்களே, அவரு உங்க கிட்டத்தான் வேலை குடுக்கறாருங்களாமா?”

“ஆமாங்க.”

“ஆளு எப்பிடிங்க?”

“தங்கமான மனுசனுங்க.”

“இல்ல, ரிக்குக்காரங்களுக்குக் காது மந்தமாப் போயிரும்னு சொல்லுவாங்க. அதுக்கோசரந்தான் கேட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. “காதா! அட நீங்க ஒண்ணு. ரேடியோவுல சத்தம் பிசிறடிக்குதுன்னு ரெண்டு தரம் ஆன்டெனாவ மாத்துனவருங்க அவரு. அவரு காதுக்கு வேலை செஞ்சு குடுக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சுங்க” என்றேன். பெரியவர் மனசாரச் சிரித்தார். பல்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, பல்பை எடுக்காமலேயே போய்விட்டார்.

அடுத்த வாரம் சம்பந்தம் உறுதியானது. நம்மவர் ஒரு கூடை பழமும் இனிப்பும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தாய்மாமனிடம் நான் சொன்னது அவருக்கு எட்டியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்க நின்றார். அவருக்குக் காது கேட்காதென்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பெரிய நல்லகாரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்த இனிப்பைத் தின்றேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் அக்கா தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

“தம்பி, கலியாணந்தான் முடிஞ்சு போச்சுங்களே. இனி ஆருக்கோசரம் மறைக்கறது? டாக்டர்கிட்டப் போலாம், காதுக்கு மிசின் வெச்சுக்கலாம்னா கேக்க மாட்டீங்கறாரு. மிசின் வெளிய தெரியுமாமா. என்னைய ஒரு மெரட்டு மெரட்டறாரு. உங்க பேச்சுன்னாத் தட்ட மாட்டாருங்க.”

“நான் என்னன்னுங்கக்கா சொல்றது?”

“பெருசா ஒண்ணும் வேண்டாங்க. ரேடியோ பாடல, அத்தனை நாளும் வெறும் எரைச்சல்தான்னு சொல்லுங்க. அதொண்ணு போதும். தன்னப்போல வழிக்கு வந்துருவாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. வண்டில ஏறுனா எறங்கற வரைக்கும் நானே காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியிருக்குது. ஒரு நாளைக்கு நான் அசந்துட்டா என்னுங்க ஆவறது?” என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். அக்கா நிம்மதியாகப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அவரே வந்தார். நான் சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று தரம் மனசுக்குள் சொல்லிப்பார்த்துத் தயாராகத்தான் இருந்தேன். அவர் வந்ததோ வேறு வேலையாக. ஆன்டெனா இருந்த பின்பெட்டியின் ஓரத்தில் அதைத் தாங்கிய இரும்புக் கொக்கி இன்னும் மொட்டையாக நின்றிருந்தது. கொக்கியை அறுத்தால் பெட்டியில் ஓட்டை தெரியும்.

“பொட்டியவே கழட்டிப்போடுங்க தம்பி. கோழிக்கூண்டக் கட்டிக்கிட்டுப் போற மாரி இருக்குதுங்க” என்றார்.

“பெட்டியக் கழட்டுனா முதுகு சாயறதும் போயிருங்கண்ணா. அக்கா எதப் புடிச்சுக்குவாங்க?”

என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “எந்தோளு இருக்குதுல்லங்க?”

“சீட்டுக்குக் குறுக்கால ஒரு பெல்ட்டாவது போட்டுத் தாரனுங்க.”

“அது தெரியுமுங்க தம்பி. வேண்டாங்க.”

நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். “அண்ணா, அந்த ரேடியோ இருக்குதுங்களே...”

அவர் முகம் மாறியது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கெஞ்சியது. “ரேடியோ ஜோருங்க தம்பி. நீங்க பண்ணிக் குடுத்த வேலையில ஒரு கொறை சொல்ல முடியுமுங்களா?” என்றார், நான் முடிப்பதற்கு முன்பே.

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்னைவிடப் பெரிய மனிதர், என் கடையில் ஆயில் டின்னின்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறவர், என் அப்பா சாவுக்கு நின்றவர் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். கோழைத்தனம் என்று சொன்னால் சுருக்கமாக முடிந்துவிடும். ஸ்பேனரை எடுத்தேன். நான்கு போல்ட்டு, ஒரு வயர் இணைப்பு. அரைமணி நேரத்தில் பெட்டி தரையில் கிடந்தது. பின்சீட்டு மொழுக்கென்று ஆகிவிட்டது. அவர் பத்தடி தள்ளி நின்று பார்த்து, “இப்பத்தான் வண்டி!” என்றார். பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அது இன்னும் என் கடைப் பரணில் இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜேடர்பாளையத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். படுகை அணைப் பக்கம் வறுத்த மீன் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். கிளம்புவதற்கு முன் வீட்டில் சண்டை. நான் சொல்லாததால் அக்கா தானே சொல்லியிருக்கிறார்: ரேடியோவில் இரைச்சல்தான் வருகிறது, இத்தனை நாளும் கடைக்காரன் உங்களை ஏய்த்திருக்கிறான், நானும் ஏய்த்திருக்கிறேன், போதும், நாளைக்கே டாக்டரிடம் போகலாம். அவர் நம்பவில்லை, அல்லது நம்பாததுபோல் இருந்தார். அக்காவுக்குக் கோபம். கோபத்தோடேயே வண்டியில் ஏறினார். கோபத்தில் அவர் தோளில் கை வைக்காமல் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அணைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கையில் ரோட்டோரத்தில் ஒரு வெல்ல ஆலை. அதற்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு வேகத்தடை. முதல் வேகத்தடையில் அக்கா பின்னால் சறுக்கியிருக்கிறார். “ஏனுங்க, நிறுத்துங்க! ஏனுங்க!” என்று கத்தியிருக்கிறார். இரண்டாவதில் ரோட்டில் மல்லாக்க விழுந்தார். பாகு கிண்டிக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சிலர் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு கத்தினார்கள். அந்த வண்டி போகிற இடமெல்லாம் ஜனங்கள் கையை ஆட்டுவது வழக்கம்தானே. அவரும் எப்போதும்போல அவர்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். அந்த வண்டியின் எடைக்கு, பின்னால் ஐம்பது கிலோ மனுஷி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

அணைவரைக்கும் அவர் பேசிக்கொண்டே போயிருக்கிறார், அக்காவைச் சமாதானப்படுத்த. மகளுக்குத் தலைதீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே போனாராம். மரத்தடியில் நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டு, “எறங்கு அம்மிணி, இன்னும் கோவமா?” என்று சொல்லிக்கொண்டே திரும்பியிருக்கிறார். இதை அவரே என்னிடம் சொன்னார், ஆஸ்பத்திரியில், ஒருதரம் மட்டும்.

அக்கா பிழைத்துவிட்டார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இனி அசையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்ததை அதற்குப் பிறகும் மூடினார்கள் என்றால் நம்புவீர்களா? சம்பந்தி வீட்டுக்கும் ஊருக்கும், ஹெல்மெட் போட்டிருந்ததால் கேட்கவில்லை என்று ஒரு கதை. அக்காவே அதை முன்னின்று சொன்னார், படுத்த படுக்கையாக. “ஹெல்மெட்டுக்குள்ள எதுங்க கேக்கும்? நானும் கத்தவே இல்லீங்க. கத்தறதுக்குள்ள உழுந்துட்டேன்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். கணவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

நான் அந்த வெல்ல ஆலைக்குப் போய் வந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. தப்பிக்க ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைத்திருப்பேன். ஆலைக்காரர் கொப்பரைப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, “அந்தம்மா கத்துன கத்து மோட்டார் சத்தத்த மீறி உள்ளுக்கு வந்துச்சுங்க. அந்தாளு எப்பிடிங்க கேக்காமப் போனாரு? மனுசன்தானுங்களா?” என்றார். எனக்குக் கிடைத்தது அதுதான்.

மூன்று மாதம் கழித்து ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குப் போனேன். அதற்குமேல் போகாமல் இருக்க முடியவில்லை. கூடத்தில் சன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். அக்கா இளைத்துப்போயிருந்தார். மகள் வந்திருந்தாள்; சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலின் காலடியில் நாற்காலி போட்டு, மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“நீங்க ஆலைக்குப் போனீங்களாமா தம்பி?”

யார் சொன்னார்களோ. நான் ஆமென்று தலையாட்டினேன்.

“உண்மையச் சொல்லுங்க. உங்ககிட்ட மட்டுந்தாங்க கேக்க முடியும். அவ கத்துனாளா?”

அவருடைய தலைக்குப் பின்னால் அக்காவின் முகம் தலையணையில் இப்படியும் அப்படியுமாக அசைந்தது. வேண்டாம், வேண்டாம் என்று. அந்த அம்மாளின் உடம்பில் அசைத்துச் சொல்ல மிச்சமிருந்தது அவ்வளவுதான். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது.

ஒருமுறை சொல்லாமல் இருந்ததால்தான் இந்தக் கட்டில் இங்கே வந்தது. இப்போது சொன்னால் இந்த மனிதர் இன்று சாயங்காலம்வரை இருப்பாரா என்று தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, “இல்லீங்கண்ணா” என்றேன்.

நான் குனிந்திருந்ததால் அவருக்கு என் வாய் தெரியவில்லை. எட்டி என் மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

“கேக்கலீங்க தம்பி” என்றார். “எனக்குக் காது கேக்காதுங்க. சத்தமாச் சொல்லுங்க.”

அத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் கரண்டியும் கையுமாக வாசல்படியில் வந்து நின்றாள்.

“அக்கா கத்தவே இல்லீங்கண்ணா!” என்று கத்தினேன்.

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.